இசைத்தட்டைக் கணினியில் பதியும்போது ஒலி ஏன் இவ்வளவு மெலிகிறது?

கேள்வி: என் தந்தை சேர்த்து வைத்துச் சென்ற இசைத்தட்டுகள் ஏறத்தாழ 120 என்னிடம் உள்ளன. பாதி கர்நாடக இசை எல்.பி.க்கள் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகள்), மீதி 1960, 70களின் திரைப்பாடல் இ.பி.க்கள் (சில பாட்டுகளே கொண்ட சிறிய தட்டுகள்). அவற்றைக் கணினியில் ஏற்றிவிட எண்ணி, புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். அதன் சிவப்பு, வெள்ளை முனைகளை 3.5 மி.மீ. பிளக்காக மாற்றும் கம்பியின் வழியே மடிக்கணினியில் செருகி, ஆடாசிட்டி மென்பொருளில் பதிகிறேன். ஒலியளவை முழுவதும் ஏற்றி வைத்தாலும் அலைவடிவம் நூலிழை போலவே கிடக்கிறது. பதிந்த பிறகு அதைப் பெருக்கினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் எழுகிறது. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா? இதுவரை பதிந்துவிட்ட 14 தட்டுகள் பயன்படுமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் சிறு பகுதியான கார்ட்ரிட்ஜை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு அடையாளங்களில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஒலி குறைவாக இருப்பதும், அதே ஒலி தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் மெலிந்திருப்பதும் சேர்ந்து வரும்போது, கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஊசி எழுப்பும் மின்குறி, ஃபோனோ ப்ரீஆம்ப் என்னும் முன்பெருக்கியைத் தொடாமலேயே கணினிக்குள் நுழைகிறது. இதை நீங்களே காதால் உறுதி செய்துகொள்ளலாம். கச்சேரித் தட்டு ஒன்றைப் பதிந்து, தனியாவர்த்தனப் பகுதியைக் கேளுங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்டு, இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் மட்டும் காணாமல் போயிருந்தால், ஐயத்துக்கு இடமில்லை.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் இது விளங்கிவிட்டால் கடையில் யாரும் உங்களுக்குத் தேவையில்லாத பொருளை விற்க முடியாது. இன்று விற்கும் டர்ன்டேபிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எம்.எம். எனப்படும் நகரும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ். தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது அது உண்டாக்கும் மின்னழுத்தம் வெறும் 3 முதல் 6 மில்லிவோல்ட் வரைதான். பரவலாகப் புழங்கும் ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95.இ ஏறத்தாழ 4 மில்லிவோல்ட்டும், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட்டும் தரும். எம்.சி. எனப்படும் நகரும் சுருள் வகை இதைவிடவும் பல மடங்கு குறைவு, டெனான் டி.எல்.103 தருவது 0.3 மில்லிவோல்ட். வீட்டு ஒலிக்கருவிகளில் ஏற்கெனவே பெருக்கிய ஒலியை வாங்கும் ‘லைன்’ துளை எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 316 மில்லிவோல்ட். 5-க்கும் 316-க்கும் இடையிலுள்ள தொலைவு 63 மடங்கு. டெசிபல் கணக்கில் 36. ஃபோனோ ப்ரீஆம்ப்புகள் எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு 35 முதல் 40 டெசிபல் வரை பெருக்கும்படி செய்யப்படுவது இதனால்தான். அந்தப் படியைத் தாண்டாமல் வந்த ஒலி நூலிழை போல் கிடப்பதில் வியப்பில்லை.

அளவைக் கூட்டுவது ப்ரீஆம்ப்பின் பாதி வேலைதான். தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களை அப்படியே வெட்டினால் ஊசிப்பள்ளம் அகன்று அகன்று பக்கத்துப் பள்ளத்தில் மோதிவிடும். உயர்ந்த சுரங்களை அப்படியே வெட்டினால் அவை தட்டின் உராய்வு இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே வெட்டும் இடத்திலேயே தாழ்வைக் குறைத்தும் உச்சத்தைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்திருந்த கணக்கு, 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு வந்த பிறகு ஒரு நிலைக்கு வந்தது. அந்த வளைவின்படி, ஆயிரம் ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்துப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியும், 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருகியும் தட்டில் பதிந்திருக்கும். இந்த வளைவைத் திருப்பி நிமிர்த்துவது ப்ரீஆம்ப்பின் மறுபாதி வேலை. நிமிர்த்தாமல் கேட்டால் தொப்பி மறைந்து, தம்புராவின் மந்தரம் மறைந்து, ‘ஸ’கரமும் கீறல் ஒலியும் காதைக் குத்தும். பதிந்த பிறகு நீங்கள் பெருக்கியபோது இரைச்சல் முந்திக்கொண்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: நீங்கள் பெருக்கியது ஏற்கெனவே ஐந்து மடங்காக நிற்கும் உச்ச ஒலியை.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். டர்ன்டேபிளின் பின்புறத்தில் ‘ஃபோனோ’, ‘லைன்’ என்று இரண்டு நிலைகள் எழுதிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கிறதா பாருங்கள். சில வகைகளில் அது சுழலும் தட்டுக்கு அடியில் இருப்பதால் பலர் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தால், உங்கள் டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் உள்ளது என்று பொருள். சுவிட்சை ‘லைன்’ பக்கம் தள்ளுங்கள். என்னிடம் இந்தக் குறையோடு வருகிறவர்களில் பலரை நான் ஒரு காசு செலவில்லாமல் திருப்பி அனுப்பியிருப்பது இந்தச் சுவிட்சின் தயவில்தான்.

சுவிட்ச் இல்லையென்றால் இரண்டு வழிகள் உள்ளன. வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்து, அதன் பின்னால் ‘ஃபோனோ’ என்ற துளை இருந்தால், டர்ன்டேபிளை அதில் செருகி, அந்த ஆம்ப்ளிஃபயரின் ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ துளையிலிருந்து கணினிக்குக் கொண்டு போங்கள். அந்தத் துளையில் வரும் அளவு, முன்னாலுள்ள ஒலிக்குமிழைத் திருப்பினாலும் மாறாது. அதுதான் பதிவுக்கு வேண்டியது. ஹெட்ஃபோன் துளையைத் தவிருங்கள். ஸ்பீக்கர் முனைகளைக் கணினிக்குக் கொண்டு போவதோ கணினியையே கெடுத்துவிடும். ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றால் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கலாம். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தரைக்கம்பியை ப்ரீஆம்ப்பின் திருகில் மறக்காமல் முடுக்குங்கள். விட்டுவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பாட்டோடு சேர்ந்து பதியும்.

உங்கள் இணைப்பில் இரண்டாவது குறையும் இருக்கிறது, அது மடிக்கணினியின் துளை. இப்போதைய மடிக்கணினிகளில் ஒற்றைத் துளைதான் வருகிறது. அது ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் சேர்த்து அமைந்தது; அதன் மைக் பகுதி ஒரே தடம் கொண்டது. மைக்குக்காக ஒரு சிறு மின்னழுத்தத்தையும் அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். உங்களுடையது போன்ற சாதாரண ஸ்டீரியோ பிளக்கை அதில் செருகினால், கணினி பல வேளைகளில் அதை ஹெட்ஃபோன் என்றே எடுத்துக்கொண்டு, மேலே பதிந்திருக்கும் தன் சொந்த மைக்கைத் திறந்து வைத்திருக்கும். அப்படியானால் நீங்கள் பதிந்தது கம்பி வழியாக வந்த பாட்டே இல்லை. ஊசி முனையில் சன்னமாகக் கேட்கும் கீச்சொலியை அறைக்காற்றின் வழியே மைக் பிடித்திருக்கிறது. ஐயத்தைத் தீர்க்க, பதிவு ஓடும்போது மடிக்கணினியின் விளிம்பை விரலால் தட்டுங்கள். தட்டும் ஓசை அலைவடிவத்தில் எழுந்தால் விடை கிடைத்துவிட்டது. உங்கள் 14 பதிவுகளில் எங்காவது மின்விசிறியோ, தெருவில் போகும் வண்டியின் ஹாரனோ கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

மேசைக்கணினியாக இருந்தால் இளநீல நிற ‘லைன் இன்’ துளை பின்னால் இருக்கும், அது போதும். மடிக்கணினிக்கு ஸ்டீரியோ லைன் உள்ளீடு கொண்ட யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது வெளி ஒலியைக் கணினிக்குள் கொண்டு சேர்க்கும் சிறு பெட்டி, ஒன்று தேவைப்படும். விரல் அளவே உள்ள மலிவான யு.எஸ்.பி. சவுண்டு கார்டுகளை வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றின் உள்ளீடு மறுபடியும் ஒற்றைத் தட மைக்தான். பெஹ்ரிங்கர் யு.எஃப்.ஓ.202 போன்றவற்றில் ஃபோனோ ப்ரீஆம்ப்பும் உள்ளடங்கியிருப்பதால், சுவிட்ச் இல்லாத டர்ன்டேபிள் வைத்திருப்போருக்கு ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். உள்ளீட்டு அளவைக் குமிழால் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்றவை விலை கூடுதல் என்றாலும், 120 தட்டு பதியப் போகிறவருக்கு அந்தக் குமிழ் பெரிய நிம்மதி.

இன்டர்ஃபேஸைச் செருகிய பின்னும் ஒலி குறைவாகவே இருந்தால், எந்தப் பக்கம் குறை என்பதைப் பிரித்துக் காண ஒரு எளிய சோதனை உண்டு. டர்ன்டேபிளின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு சி.டி. பிளேயரையோ ஹெட்ஃபோன் துளையுள்ள பழைய கைபேசியையோ இணைத்து, ஒரு பாட்டைப் போட்டுப் பதியுங்கள். அது நன்றாகப் பதிந்தால் கணினிமேல் பழி இல்லை; ப்ரீஆம்ப்புக்கு முன்னால் தேடுங்கள். அதுவும் மெலிந்தே பதிந்தால், ஆடாசிட்டி சரியான கருவியிலிருந்துதான் பதிகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ஒலி அமைப்புகளின் பதிவுக் கருவிப் பட்டியலுக்குப் போய், இன்டர்ஃபேஸின் அளவு நழுவுபட்டை எங்கே நிற்கிறது என்பதையும், இரண்டு தடம் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். யு.எஸ்.பி. டர்ன்டேபிள்களை விண்டோஸ் மைக் என்று கருதி ஒற்றைத் தடத்தில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். குரல் அழைப்புக்காக வைத்திருக்கும் ‘ஒலி மேம்பாடு’ வசதிகளை அணைத்துவிடுங்கள். அவை ஆலாபனையின் சன்னமான கார்வைகளை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும்.

இடது, வலது என்ற இரண்டில் ஒரு பக்கம் மட்டும் குறைவாக இருந்தால் கதை வேறு. சிவப்பு, வெள்ளை முனைகளை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை பக்கம் மாறினால் அது டர்ன்டேபிளில் உள்ளது. மாறாமல் அதே பக்கம் நின்றால் கணினியில் உள்ளது. டர்ன்டேபிளில் என்றால், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் முனையான ஹெட்ஷெல்லில் உள்ள நான்கு மெல்லிய கம்பிகளில் ஒன்று தளர்ந்தோ களிம்பேறியோ இருக்கும். வெள்ளையும் நீலமும் இடது பக்கத்துக்கு. சிவப்பும் பச்சையும் வலது பக்கத்துக்கு. கார்ட்ரிட்ஜின் முனையிலிருந்து கிடுக்கியால் மெல்லக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மீண்டும் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊசி நுனியில் பஞ்சு போல் தூசு சேர்ந்திருந்தாலும் ஒலி மங்கும். பின்னிருந்து முன்னாக மட்டும் துலக்குங்கள்.

உங்கள் தந்தை பயன்படுத்திய பழைய ரெக்கார்டு பிளேயர் பரணில் இருந்தால், அதை எடுத்து இணைத்துப் பார்க்கும் ஆசை எழும். அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்கள் பலவற்றில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது எம்.எம். வகையைவிடப் பல மடங்கு கூடுதல் மின்னழுத்தம் தருவதால் ஃபோனோ ப்ரீஆம்ப் தேவையில்லை. ஆனால் பத்து லட்சம் ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை கொண்ட கருவியில்தான் அது முழுதாக ஒலிக்கும். கணினியின் லைன் துளையில் இருப்பதோ பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம். அதில் செருகினால் அளவு ஓரளவு வந்தாலும் தாழ்ந்த சுரங்கள் வடிந்துபோகும். போதாக்குறைக்கு அதன் ஊசியழுத்தமும் அதிகம். அரிய தட்டுகளை அதில் ஓட்டாதீர்கள்.

இணைப்பு சரியான பிறகு அளவை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் அடுத்த தவற்றைச் செய்கிறார்கள். நூலிழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, அலைவடிவம் திரையை நிரப்பினால்தான் மனம் ஆறும். அப்படி நிரப்பாதீர்கள். மென்பொருளில் 0 டெசிபல் என்பது தாண்டக் கூடாத உச்சி; உச்சக் கட்டங்கள் அதற்குக் கீழே −6 டெசிபலைத் தொட்டால் போதும். −9 ஆனாலும் குற்றமில்லை. ஆடாசிட்டியின் வழக்கமான காட்சியில் −6 டெசிபல் என்பது பாதி உயரம், −12 டெசிபல் என்பது கால் உயரம். கண்ணுக்குக் கால் உயரம் குறையாகத் தோன்றும், 24 பிட்டில் (பிட் என்பது ஒலியளவை எவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பதிகிறோம் என்பதன் கணக்கு) பதிகிறவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்ற கணக்கில் பார்த்தால், 16 பிட்டில் −36 டெசிபலில் பதிந்த பாட்டு ஆறு பிட்டை வீணாக்கி, மீதிப் பத்துப் பிட்டில் 60 டெசிபல் இடைவெளியோடு நிற்கும். அது ஏறத்தாழ இசைத்தட்டின் இரைச்சல் விளிம்பு. உங்கள் பதிவுகளின் இன்றைய நிலை இதுவாக இருக்கக்கூடும். −12-க்கும் −6-க்கும் உள்ள வேறுபாடு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அளவைத் தீர்மானிக்கத் தட்டின் தொடக்கத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், நாகஸ்வர எல்.பி. ஒன்றின் ஆலாபனையைக் கேட்டு அளவை ஏற்றி வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தவில் நுழைந்த இடம் முழுவதும் உச்சியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், ஓங்கி ஒலிக்கும் பகுதிகளில் பள்ளங்கள் அகன்று, ஒளி மினுமினுத்துச் சிதறும். அந்த இடத்தில் ஊசியை வைத்து அளவைப் பொருத்திக்கொண்டு, பிறகு முதலிலிருந்து பதியுங்கள். ஒரு பக்கம் முடியும்வரை குமிழைத் தொடாதீர்கள்.

சில தட்டுகள் இயல்பிலேயே சன்னமாகத்தான் ஒலிக்கும். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடத்துக்கு மேல் அடைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி, அதற்கேற்ப ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்டியாக வேண்டும். நீண்ட ராகம் தானம் பல்லவித் தட்டும், ஒரு பக்கத்தில் ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட 45 சுற்று இ.பி.யும் ஒரே அளவில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பதிந்த பிறகு பெருக்குவது பிழையா என்று கேட்டால், சரியாகப் பதிந்ததைக் கடைசியில் −1 டெசிபல் வரை உயர்த்துவதில் ஒரு பிழையும் இல்லை. வரிசைதான் முக்கியம். மென்பொருள் மிக உயரமான ஒரே ஒரு முனையைப் பார்த்துத்தான் எவ்வளவு உயர்த்தலாம் என்று முடிவு செய்கிறது. தட்டில் ஆழமான கீறல் ஒன்று இருந்தால், அதன் ‘டக்’ ஓசை ஏற்கெனவே உச்சியைத் தொட்டிருக்கும். இப்படி உயர்த்தும் ‘நார்மலைஸ்’ செய்தும் பாட்டு உயரவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே முதலில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வை வடிகட்டுங்கள். வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் அதில் போய்விடும். அடுத்து டக், டிக் ஓசைகளை நீக்குங்கள். அதன் பிறகு உயர்த்துங்கள்.

திரைப்பாடல் இ.பி.க்களில், குறிப்பாகக் கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆலையில் அச்சான 1960களின் தட்டுகளில், ஒற்றைத் தட ஒலியான மோனோவே மிகுதி. அவற்றையும் இரண்டு தடத்திலேயே பதிந்து, பிறகு ஒன்றாக்குங்கள். மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசும் தேய்மானமும்தான், இரு தடங்களைக் கூட்டும்போது அது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் கடுமையாகத் தேய்ந்திருந்தால், கூட்டாமல், நல்ல தடத்தை மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

கடைசியாக, நீங்கள் பதிந்துவிட்ட 14 தட்டுகள். ஆடாசிட்டியின் ‘ஃபில்டர் கர்வ்’ விளைவில் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு ஆயத்தமாகவே உள்ளது. அதைச் செலுத்தினால் தொப்பி திரும்பி வருவதைக் கேட்கலாம். என் கணிப்பு சரிதானா என்று பார்க்க ஒரு தட்டுக்குச் செய்து பாருங்கள். ஆனால் மிகத் தாழ்வாகப் பதிந்த ஒலியில் தாழ்ந்த சுரங்களைத் தூக்கினால் ரீங்காரமும் சேர்ந்து எழும்; பதிந்தது மடிக்கணினியின் சொந்த மைக் என்றால் எந்த வளைவும் உதவாது. அந்த 14-ஐயும் மீண்டும் பதிந்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் பதிவதற்கு முன் ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காமல், கார்பன் இழைத் தூரிகையைப் பள்ளத்தின் வழியே வட்டமாக ஓட்டினால் போதும்.